தூசைக் கொட்டுவது யார்?

புத்தகம் சேர்ப்பவர்கள் எல்லோரும் கூடவே தூசும் சேர்க்கிறார்கள். இதை மறுக்கும் வாசகர் எவரையும் நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை. சிற்றிதழ்த் தொகுப்புகள், எழுபதுகளின் மலிவுப் பதிப்புகள், பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிவந்த பல்கலைக்கழக வெளியீடுகள் என அலமாரி ஏறியவை ஒவ்வொன்றும் தத்தம் பங்குக்குப் பழுப்புப் பொடியை உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. அமிலம் மிகுந்த மலிவுத் தாளின் இயல்பு அது. போதாக்குறைக்குத் திருச்சியின் ஆடிக்காற்று, தெருவில் கிடக்கும் புழுதி முழுவதையும் ஜன்னல் வழியாக நம் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் ஓயும். வீட்டில் இருவருமே ஆசிரியர்கள். எங்களில் ஒருவருக்கு இளைப்பு உண்டு. ஆகவே தூசு என்பது எங்களுக்கு அழகியல் பிரச்சினை அன்று, மூச்சுப் பிரச்சினை.

இலக்கியம் பேசும் இடத்தில் வாக்குவம் கிளீனரைப் பற்றி எழுத வந்ததற்கு இதுவே காரணம். வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் எழும் கேள்வி, பை உள்ளதா, பை இல்லாததா என்பது. உறிஞ்சப்படும் தூசு உள்ளே இருக்கும் ஒரு பையில் சேர்வது ஒரு வகை. பிளாஸ்டிக் குடுவையில் சேர்வது மற்றொரு வகை. பை நிறைந்தால் பையோடு தூக்கி எறிய வேண்டும். குடுவை நிறைந்தால் திறந்து கொட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். கடைக்காரர்கள் இரண்டாவதையே சிபாரிசு செய்கிறார்கள். "பை வாங்குற செலவே இல்ல சார், கழுவி மாட்டிட்டாப் போதும்" என்று அவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேச நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. நாங்களும் அந்தச் சொல்லை நம்பி எட்டு ஆண்டுகள் குடுவையோடு குடித்தனம் நடத்தியவர்கள்தாம். இன்று எங்கள் கருத்து வேறு. தூசை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்று பார்த்து இயந்திரத்தை வாங்குகிறோம். உறிஞ்சிய தூசை யார் கொட்டப் போகிறார்கள் என்று பார்த்தே வாங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் துணிபு.

பொருளுக்குள் போகுமுன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் படித்தவர்களின் தீராத நோய் இது, பொறுத்தருள வேண்டும். கூட்டுகிற கருவிக்குத் துடைப்பம், விளக்குமாறு, வாரியல், சீமாறு என்று ஊருக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். இந்த இயந்திரத்துக்கோ 'தூசு உறிஞ்சி' என்று அகராதிக்காரர்கள் செய்துகொடுத்த பெயரை எந்த வீட்டிலும் எவரும் அழைத்து நாங்கள் கேட்டதில்லை. வீட்டுக்குள் வந்த பிறகும் பெயர் பெறாத பொருள் இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறது என்று கொள்ளலாம். இன்னொன்று. பழந்தமிழில் 'தூசு' என்ற சொல்லுக்கு ஆடை என்றும் பொருள் உண்டு. தூசைத் துணியில் பிடிப்பதுதான் இந்த இயந்திரத்தின் ஆதித் தத்துவம் என்று அறிந்தபோது, இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்த தற்செயலை எண்ணி எங்களுக்குச் சிறு மகிழ்ச்சி. நிற்க.

1901ஆம் ஆண்டு லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசை ஊதித் தள்ளும் ஒரு இயந்திரத்தின் செயல்விளக்கத்தைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. உணவகம் ஒன்றின் நாற்காலி மீது கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையில் தூசு படிந்திருந்தது. காற்று போகும் வழியில் ஒரு துணியை நிறுத்தினால் காற்று கடந்துபோகும், தூசு நின்றுவிடும், அவ்வளவுதான். அந்த எளிய உண்மையிலிருந்து அவர் உருவாக்கியது குதிரை இழுத்துவரும் வண்டியளவு இயந்திரம். அதைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே வீட்டுக்குள் விட்டுச் சுத்தம் செய்தார்கள். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை 1902இல் சுத்தம் செய்தது அந்த இயந்திரமே. அரண்மனைக்கும் பிரபுக்களின் மாளிகைக்கும் ஆன பொருள். சாதாரண வீட்டுக்கு அன்று.

வீட்டுக்குள் வந்தது அமெரிக்காவில். ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்லர் என்பவர் ஒரு பல்பொருள் அங்காடியில் துப்புரவுப் பணியாளராக இருந்தார். வயதானவர், இளைப்பு நோயாளி. கம்பளத்தைக் கூட்டும் கருவியிலிருந்து கிளம்பும் தூசுதான் தம் இருமலுக்குக் காரணம் என்று அவர் சந்தேகித்தார். பழைய மின்விசிறி மோட்டார் ஒன்றை எடுத்து, துடைப்பக் கட்டையைக் கைப்பிடியாக வைத்து, பின்புறம் ஒரு தலையணை உறையைக் கட்டித் தமக்கென ஒரு கருவி செய்துகொண்டார். 1908இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதே ஆண்டு வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கினார். பிறகு இங்கிலாந்தில் கூட்டுவதற்கே ஹூவர் என்ற பெயர் வினைச்சொல்லாகிப் போனது. ஸ்பேங்லரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. எங்களுக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது தலையணை உறைதான். அந்தப் பையைக் கட்டியவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் அல்லர், கூட்டுகிறவர். தன் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்த தூசை ஒரு துணிக்குள் போகச் செய்ய முயன்றிருக்கிறார்.

பை இல்லாத இயந்திரத்தின் கதை இதிலிருந்து எழுபது ஆண்டுகள் தள்ளித் தொடங்குகிறது. ஜேம்ஸ் டைசன் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளருக்குத் தம் வீட்டு இயந்திரத்தின் மீது கோபம். பையின் நுண்துளைகளில் தூசு அடைத்துக்கொள்ள, உறிஞ்சும் வலு குறைந்துகொண்டே போனது. மர அறுவை ஆலைகளில் மரத்தூளைப் பிரிக்கும் பெரிய கூம்பு அவர் நினைவுக்கு வந்தது. கூம்புக்குள் காற்று வேகமாகச் சுழலும்போது, கனமான துகள்கள் சுவரில் மோதிக் கீழே விழுகின்றன. வடிகட்டத் துணி தேவையில்லை. தயிர் கடையும் பானையின் சுழலைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது. டைசன் இதைக் கையளவுக் கருவியாக்க 5,127 முன்மாதிரிகள் செய்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்த ஆண்டுகளில் ஓவிய ஆசிரியையாக வேலைபார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர் மனைவி என்பது அவ்வளவாக அறியப்படாதது. முதலில் ஜப்பானிலும், 1993இல் தம் சொந்தப் பெயரில் பிரிட்டனிலும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒளி ஊடுருவும் குடுவை. உள்ளே சுழலும் தூசு கண்ணுக்குத் தெரியும். உழைப்பின் பலனைக் கண்ணால் காண்பதில் மனிதர்களுக்கு ஒரு குரூர இன்பம் இருக்கிறது. நாங்களும் விருந்தினருக்குக் குடுவையைத் தூக்கிக் காட்டியிருக்கிறோம்.

இந்தப் போட்டி நீதிமன்றம் வரை போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல், வாக்குவம் கிளீனர்கள் மீது மின்திறன் முத்திரை ஒட்ட வேண்டும் என்று விதித்தது. திறனை அளக்கும் சோதனை, பையோ குடுவையோ காலியாக இருக்கும்போதே நடந்தது. யாருமே காலி இயந்திரத்தை வைத்துக் கூட்டுவதில்லையே, தூசு நிறைய நிறையப் பை உள்ள இயந்திரம் தளர்ந்துபோவதை இந்தச் சோதனை மறைக்கிறதே என்று டைசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2015இல் தோற்று, மேல்முறையீட்டில் 2017இல் வழக்கு உயிர்பெற்று, 2018 நவம்பரில் வென்றது. 2019 ஜனவரியில் அந்த முத்திரை வழக்கொழிந்தது. வாதம் நியாயமானது. பாத்திரத்தின் தரத்தைச் சமைக்காமல் அளக்க முடியாதுதானே. ஆனால் அந்த வழக்கு நிரம்பும்போது என்ன நேர்கிறது என்பதோடு நின்றுவிட்டது. நிரம்பியதைக் கொட்டும்போது என்ன நேர்கிறது என்பது அதன் கேள்வியாக இருக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதை அந்த இடத்தில்தான் வருகிறது. 2007இல் வாங்கிய எங்கள் முதல் இயந்திரத்தில் துணிப்பை இருந்தது. எறியும் பை அன்று, உதறிவிட்டு மறுபடி மாட்டும் பை. இரண்டு வகையின் குறைகளும் ஒருங்கே வாய்த்த வகை அது. மொட்டைமாடியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அதை உதறுவோம். எத்தனை திசை மாறி நின்றாலும் பாதி நம் மேல்தான். 2015இல் குடுவை இயந்திரம் வந்தபோது பெரிய விடுதலையாகத் தோன்றியது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்போதெல்லாம் கொட்டும் வேலை எங்களிடமிருந்து கைமாறிவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா சனிக்கிழமைகளில் அலமாரிகளையும் மெத்தைகளையும் ஜன்னலின் கொசுவலைகளையும் இயந்திரத்தால் சுத்தம் செய்வார். பின்னர் கொல்லைப்புறம் போய்க் குடுவையைத் தட்டிக் கொட்டுவார். இளைப்பு உள்ளவர் அந்த நேரத்தில் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொள்வது வழக்கமாயிற்று. எத்தனை ஆண்டு இப்படி நடந்தது என்று எண்ணிப்பார்க்க இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை அவர் இருமிக்கொண்டே உள்ளே வந்தார். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார். புருவத்திலும் நெற்றி மயிரிலும் சாம்பல் பூத்தாற்போல் தூசு. "வெளக்குமாத்துல கூட்டுனா தூசி தரையோட போவும் டீச்சர். இதுல ஒரு வாரத்துத் தூசி ஒரே நிமிசத்துல மூஞ்சில வருது" என்றார். குறை சொல்லும் தொனியில் இல்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அந்தச் சோதனை முறைகளும் வழக்குகளும் தொடாத விஷயத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பது எங்களுக்கு உறைக்கச் சில நாள் ஆனது. எங்கள் மூச்சைக் காக்க ஒரு இயந்திரம் வாங்கி, அந்தத் தூசை முழுவதும் சேர்த்துவைத்து இன்னொருவர் மூச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நடப்பது இதுதான். குடுவையில் சேர்ந்த தூசுக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு மூடி மட்டுமே உண்டு. மூடி திறந்து, உள்ளே இருப்பது விழுந்து, அடியில் ஒட்டியதைத் தட்டும் கணத்தில், மாவுபோன்ற நுண்ணிய பகுதி மேலே எழும்புகிறது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசுப் பூச்சிகளின் கழிவு இதில் இருக்கிறது. ஒவ்வாமைக்கும் இளைப்புக்கும் அந்தக் கழிவே முக்கியத் தூண்டுகோல். இதோடு முடிவதில்லை. சுழற்காற்றால் பிரிக்க முடியாத மிக நுண்ணிய தூசு அடுத்துள்ள வடிகட்டியில் போய்ப் படிகிறது. ஹெப்பா என்று பெயர் சொல்லி விற்கிறார்களே, அதுதான். முறையான ஹெப்பா 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரம். அவ்வளவையும் பிடித்து வைத்திருக்கும் வடிகட்டியை யாரோ ஒருவர் கையால் எடுத்துத் தட்டவோ கழுவவோ வேண்டும். கழுவினால் முழுவதும் உலர வேண்டும். ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் அது உலர இரண்டு நாளாகும். ஈரத்தோடு மாட்டினால் நாற்றம், மோட்டாருக்கும் கேடு. விலை மலிந்த குடுவை இயந்திரங்கள் சிலவற்றில் சுழற்கூம்பு என்று சொல்லத்தக்க அமைப்பே இராது. குடுவைக்குள் ஒரு வடிகட்டியைத் தொங்கவிட்டிருப்பார்கள். அவற்றில் டைசன் வென்ற வாதம் செல்லுபடியாகாது. பை அடைத்துக்கொள்வதற்குப் பதில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

எறியும் பை பழைய காகிதப் பையைப் போன்றதன்று. இப்போது வருபவை பல அடுக்குள்ள செயற்கை நாரிழைத் துணியால் ஆனவை. பையே முதல் வடிகட்டியாக இருப்பதால் பின்னால் உள்ள ஹெப்பாவுக்குச் சுமை குறைவு. நல்ல பைகளின் வாயில் ஒரு சிறு பிளாஸ்டிக் கதவு உண்டு. அதை இழுத்து மூடிவிட்டுத்தான் பையை வெளியே எடுக்கிறோம். தூசு எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. நிறைய நிறைய வலு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறை பெரிதாகத் தெரிவது கம்பளம் விரித்த வீடுகளில். இந்த இயந்திரமே கம்பளத்துக்காகப் பிறந்தது என்பதைப் பூத்தின் கதையிலும் ஸ்பேங்லரின் கதையிலும் கண்டோம். நம் வீடுகளில் மொசைக்கும் டைல்ஸும். தரைக்குத் துடைப்பமும் ஈரத்துணியும் போதும். புத்தக அலமாரி, மெத்தை, சோபா, திரைச்சீலை, மின்விசிறியின் இறக்கை ஆகியவற்றுக்கே இயந்திரம் வேண்டியிருக்கிறது. இவற்றுக்குச் சற்றுத் தளர்ந்த காற்றிழுப்பே மிகுதி. பழைய புத்தகங்களுக்கோ அது நன்மையும்கூட. முழுவேகத்தில் வைத்து உறிஞ்சி, தளர்ந்த முகப்பட்டையொன்றைக் குழாய்க்குள் பறிகொடுத்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அன்று குடுவையாக இருந்ததால் மீட்க முடிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

பையின் மீது சொல்லப்படும் குறைகளில் செலவு அவ்வளவு பெரிதன்று. எங்கள் வீட்டில் ஒரு பை ஏறத்தாழ மூன்று மாதம் வருகிறது. ஓராண்டுப் பைகளுக்கு ஆகும் பணம் ஒரு சிற்றிதழின் ஆண்டுச் சந்தாவைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. உண்மையான தொல்லை, பை கிடைக்காமல் போவது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதனதன் அளவில்தான் பை பொருந்தும். ஊரில் நாங்கள் ஏறிய முதல் கடையில், "மிஷின் இருக்கு சார், அதுக்குப் பை வர்றதில்ல" என்றார்கள். பேனாவை விற்று மையை விற்காத வியாபாரம். பை கிடைக்காதபோது நம்மவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், நிறைந்த பையின் அடியைக் கத்தரித்துக் கொட்டிவிட்டு, மடித்து ஸ்டேப்ளர் அடித்து மறுபடி மாட்டுகிறார்கள். சிக்கனத்துக்குப் பெயர்போன நம் நண்பர் ஒருவர் ஒரே பையை இரண்டு ஆண்டு ஓட்டியிருக்கிறார். அப்படிச் செய்வதற்குக் குடுவையே எவ்வளவோ மேல். செயற்கை இழைப் பை மக்காது என்ற குற்றச்சாட்டுக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆண்டுக்கு நான்கு பை குப்பையில் சேர்க்கிறோம், அந்தக் குற்றவுணர்வோடுதான் சேர்க்கிறோம். மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் பையில் தின்பண்டத் துணுக்கு புகுந்தால் எறும்பு வரும். ஈரம் புகுந்தால் பூஞ்சை நாற்றம் வரும். சமையலறைப் பக்கம் அந்த இயந்திரத்தைக் கொண்டுபோவதை நாங்கள் விட்டுவிட்டோம்.

ஆகவே எல்லோரும் பை உள்ளதையே வாங்குங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. தூசால் எவருக்கும் தொல்லை இல்லாத வீட்டில், உறிஞ்சியவரே கொட்டவும் செய்வாரானால், குடுவை நல்ல தேர்வு. கொட்டும்போது மட்டும் குடுவையை ஒரு பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் முழுவதும் நுழைத்து, உறையின் வாயைக் குடுவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திறந்து, சற்று நேரம் அடங்கவிட்டு வெளியே எடுக்க வேண்டும். உள்ளே ஒட்டியதைத் தட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முகக்கவசம் இன்று எல்லா வீட்டு இழுப்பறையிலும் கிடக்கிறது. கொரோனா விட்டுச்சென்ற சொத்து. இளைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டிலும், கொட்டும் வேலையைச் சம்பளம் கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைத்த வீட்டிலும் பை உள்ளதே முறை என்பது எங்கள் முடிவு. இரண்டாவது காரணம் முதலாவதைவிடக் கனமானது. இளைப்பு உள்ளவர் மாத்திரை வைத்திருக்கிறார், கதவைச் சாத்திக்கொள்கிறார். கொல்லைப்புறத்தில் நிற்பவருக்குச் சாத்திக்கொள்ளக் கதவில்லை.

வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. இயந்திரத்தின் விலையைக் கேட்குமுன் பையின் விலையைக் கேளுங்கள். பை கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். அந்த ஒரு நிறுவனத்தின் பை மட்டும்தான் பொருந்துமா, பிறர் செய்வதும் பொருந்துமா என்று கேளுங்கள். விற்பவர் தடுமாறினால் படியிறங்கிவிடலாம். நாங்கள் நான்கு கடை ஏறி, கடைசியில் இணையத்தில் பை கிடைப்பதை உறுதிசெய்துகொண்டு, அதற்குப் பொருந்தும் இயந்திரத்தைத் தேடி 2023இல் வாங்கினோம். மணமகளைப் பார்க்குமுன் சீர்வரிசையைப் பார்த்த கதை என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

முதல் பை நிறைந்த அன்று, அதை எடுப்பது எப்படி என்று அக்காவுக்குக் காட்ட முற்பட்டோம். அவரே வாயின் கதவை இழுத்து மூடி, பையைத் தூக்கி, கையில் ஒரு முறை எடைபோட்டுப் பார்த்தார். "இம்புட்டுமா இந்தப் பொஸ்தகத்துல இருந்து வந்துச்சு?" என்று கேட்டார். பாதி தெருவிலிருந்து வந்தது என்றோம். நம்பியதாகத் தெரியவில்லை. குடுவை இயந்திரம் பரணில் இருக்கிறது. எவருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. பைப் பெட்டியில் இன்னும் இரண்டு மீதி இருக்கின்றன, ஆடி பிறப்பதற்குள் அடுத்த பெட்டிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.